எட்டு நிமிடம்

ஆறரை, ஒன்பது, பதினொன்று, எட்டரை, பன்னிரண்டு. ஒரே பகலில் ஐந்து முறை என்னைப் படுக்க வைத்து விளக்கை அணைத்தபோது, நான் தூங்கிப்போக எடுத்துக்கொண்ட நிமிடங்கள் இவை. கூட்டினால் 47. ஐந்தால் வகுத்தால் 9.4. இந்தச் சராசரி எட்டு நிமிடமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் நோய் என்று சொல்ல இடமுண்டு. என்னுடையது 1.4 நிமிடம் கூடுதல். அறிக்கையின் கடைசி வரியில் ‘நார்மல் ஸ்டடி, பிளீஸ் கோரிலேட் கிளினிக்கலி’ என்று அடித்து முத்திரை குத்தியிருந்தார்கள். நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பொருத்திப் பார்க்கத்தானே அங்கே போனேன்?

அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரியிலிருந்து கடலூர் பஸ்ஸில் ஏறினோம். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு கணவர் தோளைப் பிடித்து உலுக்கி, “நார்மல் மேடம், இறங்குங்க” என்றார். சிரிப்பு வந்தது. வீடு வந்து சேர்ந்தபிறகு அழுகையும் வந்தது.

எனக்குப் பிறந்த வீடு சிதம்பரம். வாழ்க்கைப்பட்டது கடலூர், மஞ்சக்குப்பம். வேலை ஒரு சென்னை கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடியே கோடு எழுதுவது. பதினான்கு வருடங்களாக எனக்குத் தூக்கம் தெளிவதில்லை. தூக்கம் வராதவர்களைப் பற்றி நிறையக் கதைகள் இருக்கின்றன. அவர்கள்மேல் ஒரு மரியாதைகூட இருக்கிறது. ராத்திரி முழுக்க விழித்திருப்பவர் ஏதோ யோசிக்கிறார், ஏதோ எழுதுகிறார் என்று நமக்குத் தோன்றும். தூங்கிக்கொண்டே இருப்பவரைப் பற்றி அப்படி யாருக்கும் தோன்றாது.

இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. மதியம் இரண்டு மணி கிளாஸில் அத்தனை பேரும்தான் தூங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நோயாளி இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? லீவு நாளில் பத்து மணி நேரம் தூங்கி எழுந்தபிறகும், தூங்கவே இல்லை என்பதுபோல உடம்பு கிடந்தபோதுதான் கொஞ்சம் உறைத்தது.

அது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறேன். களைப்பு இல்லை. ஓடியாடி வேலை செய்தபிறகு வரும் அசதி ஒருவகையில் சுகமானது, படுத்தால் கரைந்துவிடும். இது கரையாது. கண் திறந்துதான் இருக்கும், உள்ளே யாரோ கடை ஷட்டரை பாதி இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். காலையில் ஐந்து அலாரம் வைப்பேன். ஐந்தையும் நானே அணைத்திருப்பேன், ஆனால் அது எனக்குத் தெரியாது. கணவர் ஏதோ கேட்டதற்கு நான் பதில்கூடச் சொல்லியிருப்பேனாம். ஒருநாள் “பால் காய்ச்சவா?” என்று அவர் கேட்க, “புரொடக்‌ஷன்ல போடாதீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறேன். மருத்துவத்தில் இதைத் தூக்க போதை என்கிறார்கள். மதியம் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் மற்றவர்களுக்குத் தெளிச்சி வரும். எனக்கு இன்னும் மோசமாகும்.

பரிசோதனைகள் வரிசையாக வந்தன. பெண் என்றால் முதலில் ரத்தம்தான். ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, இரும்புச் சத்து மாத்திரை. மூன்று மாதத்தில் ரத்தம் ஏறியது, தூக்கம் இறங்கவில்லை. அடுத்து தைராய்டு. எல்லைக்கோட்டில் நின்றது, அதற்கும் மாத்திரை, அதுவும் சரியானது. பி12, வைட்டமின் டி, சர்க்கரை, கடைசியில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. அந்த இரும்புக் குழாய்க்குள் படார் படாரென்று சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். “இதுக்குள்ள தூங்குற ஆள இப்பத்தான் பாக்கறேன்” என்றார் டெக்னீஷியன். என் வியாதியை நேரில் பார்த்த ஒரே சாட்சி அவர்தான். ஆனால் அதை எழுத அறிக்கையில் இடமில்லை. மூளை நார்மல்.

சிதம்பரத்தில் தம்பி சொன்னான்: “அக்கா, உன் ரிப்போர்ட்டு சிதம்பர ரகசியம் மாதிரி. திரைய வெலக்கினா உள்ள ஒண்ணுமில்ல.” எங்கள் ஊர்க்காரன் அப்படிச் சொல்லக்கூடாது. அங்கே திரைக்குப் பின்னால் வெட்டவெளியில் தங்க வில்வமாலையாவது தொங்குகிறது.

மாத்திரைக்கு இடையில் அம்மா தன் பங்குக்குத் தில்லைக்காளிக்கு வேண்டிக்கொண்டாள். மந்திரித்த கயிறு ஒன்று ஆறு மாதம் கையில் கிடந்தது. ஒரு சித்த வைத்தியர், கபம் மிகுந்துவிட்டது, தயிரை நிறுத்து என்றார். நிறுத்தினேன். தயிர் சாதம் இல்லாத வெயில்காலத்தை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.

பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர் கேள்வித்தாள் ஒன்றை நீட்டினார். எப்வொர்த் தூக்க அளவுகோல். மெல்போர்னைச் சேர்ந்த மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991இல் உருவாக்கியது. எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல்தூக்கம் அதிகம். படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, ஒரு மணி நேரம் நிறுத்தாமல் காரில் பயணியாகப் போகும்போது, மது அருந்தாத மதிய உணவுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது... மது அருந்தாத மதிய உணவு என்றதும் நானும் மருத்துவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 18 வாங்கினேன். காலேஜில் இப்படி மார்க் வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தத் தாள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆதங்கம் உண்டு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று கூட்டத்தில் நின்றபடி போகும் கடலூர் சிதம்பரம் பஸ்ஸில், மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நான் தூங்கியிருக்கிறேன். அதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது? கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால், ரேஷன் கடை வரிசையில், அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கும்போது? இந்தக் கடைசிக் கேள்விதான் எங்கள் வீட்டில் முக்கியமானது. மூன்று வருடங்களுக்கு முன் இடது ஆள்காட்டி விரலில் நான்கு தையல் போட்ட பிறகு, அரிவாள்மனை பரணுக்குப் போய்விட்டது.

அந்த 18ஐ நம்பித்தான் புதுச்சேரி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முதலில் ஒரு ராத்திரி. தலையில், கண்ணோரத்தில், தாடையில், நெஞ்சில், கெண்டைக்காலில் ஒயர்கள். தலைமுடிக்குள் பசை. இந்தப் படுக்கைக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் குறட்டைக்காரர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால் கணக்கில் வரும். எனக்கு இரண்டு. மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து குட்டித் தூக்கம். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் அவகாசம். அதற்குள் தூங்கினால் எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொண்டு, இன்னும் பதினைந்து நிமிடம் தூங்கவிட்டு, கனவுத் தூக்கம் சீக்கிரம் வருகிறதா என்று பார்ப்பார்கள். இடையில் தூங்கக்கூடாது, தூங்கினால் எழுப்பிவிடுவார்கள்.

பதினான்கு வருடமாக ஊரே என்னிடம் “தூங்காத” என்று சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கு முதல்முறையாக ஒருவர் விளக்கை அணைத்து, “இப்ப தூங்கலாம் மேடம்” என்றார். எனக்கு முழிப்பு வந்துவிட்டது. மேலே ஒரு கேமரா, அதன் சிவப்புப் புள்ளி. தூங்க வேண்டும், வேகமாகத் தூங்க வேண்டும், எட்டு நிமிடத்துக்குள் தூங்க வேண்டும். பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி நெஞ்சு அடித்தது. அப்படியும் ஐந்து முறையும் தூங்கினேன் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்; அறிக்கைக்கு இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு நல்ல பெயர் இருக்கிறது. வாடிக்கையாளர் கணினியில் தினமும் வரும் பிழை, நாம் பார்க்க உட்கார்ந்தால் வராது. லாக் எழுத நாலு வரி சேர்த்தாலே ஓடி ஒளிந்துகொள்ளும். இயற்பியலாளர் ஹைசன்பர்க் பெயரைத் திரித்து அதை ‘ஹைசன்பக்’ என்பார்கள். இரண்டு நாள் தேடிவிட்டு டிக்கெட்டில் ‘கேன்னாட் ரீபுரொடியூஸ்’ என்று போட்டு மூடிவிடுவார்கள். பிழை இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. எங்கள் மேசையில் வரவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் டிக்கெட் மூடியபிறகு அந்த வித்தியாசம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. என் டிக்கெட் 9.4இல் மூடப்பட்டது.

எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனேன். இந்தப் பகல் பரிசோதனை 1970களில் அமெரிக்காவில், ஸ்டான்போர்டில், மேரி கார்ஸ்காடன், வில்லியம் டிமென்ட் ஆகியோர் உருவாக்கியது. தூக்கக் கலக்கத்தைக் கடிகாரத்தால் அளக்கலாம் என்பது அருமையான யோசனை, அதில் சந்தேகமில்லை. எட்டு என்பது இயற்கை கிழித்த கோடு இல்லை. நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் முடிந்தவரை பிரித்துக் காட்டும் இடம் என்று நிபுணர்கள் ஒத்துக்கொண்ட கோடு. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் சிலர்கூட அதற்குக் கீழே விழுவார்கள். அதைவிட முக்கியம், எனக்கு இருக்கலாம் என்று சந்தேகித்த வகையில், இதே ஆளுக்கு இதே பரிசோதனையை இன்னொரு நாள் செய்தால் முடிவு மாறிப்போவது சகஜம்.

அந்த வகையின் பெயர் இடியோபதிக் ஹைப்பர்சோம்னியா. காரணம் தெரியாத மிகுதூக்கம். பிராகாவைச் சேர்ந்த பெட்ரிக் ரோத் 1976இல் வைத்த பெயர். இடியோஸ் என்றால் கிரேக்கத்தில் தனக்கே உரியது, பேதோஸ் என்றால் துன்பம். தமிழில் இதற்கு ஒரு சொல் தயாராக இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் சிலிர்த்தது: தன்பாடு. பாடு என்றாலும் துன்பம்தானே. அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு என்று எங்கள் ஆயா சொல்வாள்.

காரணம் தெரியாது என்று பெயரிலேயே ஒத்துக்கொண்ட ஒரு நோய்க்குக்கூட நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதில் நான் தேறவில்லை. இன்னொரு வாசல் உண்டு. 2014இல் வந்த வகைப்பாட்டின்படி, 24 மணி நேரத்தில் 660 நிமிடம், அதாவது 11 மணி நேரம், தூங்குவதாக நிரூபித்தாலும் அந்தப் பெயர் கிடைக்கும். கையில் கடிகாரம் மாதிரி ஒரு கருவியைக் கட்டி ஒரு வாரம் அனுப்பினார்கள். சராசரி 580 நிமிடம். ஏனென்றால் காலையில் அலாரம் அடிக்கிறது, பிள்ளையை ஸ்கூலுக்குக் கிளப்ப வேண்டும், ஒன்பதரைக்கு மீட்டிங். என் உடம்பு எவ்வளவு தூங்க விரும்புகிறது என்பதையா அந்தக் கருவி அளந்தது? என் வீடு எவ்வளவு தூங்க விடுகிறது என்பதை அளந்தது. பதினோரு மணி நேரம் தூங்கிக் காட்ட ஒரு தமிழ்நாட்டு மருமகளுக்கு லீவு தருவது யார்?

பெயர் எதற்கு, வைத்தியம்தானே முக்கியம் என்று சிலர் கேட்டார்கள். பெயர் இல்லாமல் வைத்தியம் இல்லை. விழிப்பாக வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, நார்மல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை எழுத மருத்துவர் தயங்கினார். அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது. அதையும் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. மருத்துவம் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் அது காலியாகவே இருப்பதில்லை. வேறு பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். முந்தைய கம்பெனியில் அது ‘ஆர்வம் குறைவு’. இரண்டு அப்ரைசல்களில் அப்படியே எழுதியிருந்தார்கள். வீட்டில் அந்தப் பெயர் இன்னும் பழையது. விளக்கு வைக்கிற நேரத்தில் நான் சோபாவில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து ஆயா சொன்னது: “மூதேவி கணக்கா தூங்குறாளே, லெச்சுமி எப்படிடி உள்ள வருவா?”

மூதேவி என்றால் மூத்த தேவி. லட்சுமிக்கு அக்கா. ஜேஷ்டை என்று வடமொழியிலும், தவ்வை என்று பழந்தமிழிலும் அழைக்கப்பட்டவள். கழுதை வாகனம், காக்கைக் கொடி, துடைப்பம், பெரிய வயிறு, இரண்டு பக்கமும் மாட்டு முகத்தோடு ஒரு மகனும் ஒரு மகளும். பல்லவர் காலத்திலும் முற்காலச் சோழர் காலத்திலும் கோவில்களில் அவளுக்கு இடம் இருந்தது, கும்பிட்டார்கள். பிறகு வழிபாடு மங்கியது. இன்று பல ஊர்களில் அவள் சிலை மரத்தடியிலோ வயல் வரப்பிலோ கிடக்கிறது, பெயர் திட்டுச் சொல்லாக மட்டும் புழங்குகிறது.

சிதம்பரம் கோவிலில் ஒரு இடம் உண்டு. அங்கே நின்றால் நடராஜரையும் கோவிந்தராஜப் பெருமாளையும் ஒருசேரப் பார்க்கலாம். ஒருவர் ஆடிக்கொண்டே இருக்கிறார், இன்னொருவர் படுத்துக்கொண்டே இருக்கிறார். சின்ன வயதில் ஆயாவிடம், பெருமாள் மட்டும் ஏன் தூங்குறாரு என்று கேட்டிருக்கிறேன். “அது தூக்கமில்லடி, அறிதுயில். கண்ணு மூடியிருந்தாலும் எல்லாம் தெரியும்” என்றாள். படுத்திருக்கும் ஆண் தெய்வத்துக்கு அறிதுயில், திவ்யதேசம், துளசி. தூக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெண் தெய்வத்துக்கு வரப்போரம். ஆயாவிடம் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவள் இல்லை.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனபோதுதான் நான் உண்மையில் பயந்தேன். பிள்ளை பெற்றவள் தூங்கமாட்டாள், குழந்தை சிணுங்கினாலே விழித்துக்கொள்வாள், அது இயற்கை என்று எல்லாரும் சொன்னார்கள். முதல் வாரத்தில் ஒரு ராத்திரி, கையெட்டும் தூரத்தில் குழந்தை வீறிட்டு அழுதிருக்கிறாள். அம்மா பக்கத்து அறையிலிருந்து வந்து தூக்கி, என்னைத் தட்டி, கன்னத்தில் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்ப முடிந்தது. அன்றிலிருந்து மூன்று மாதம் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தாள். ஒரு கை குழந்தை மேல், இன்னொரு கை என் மணிக்கட்டில். குழந்தை அசைந்தால் என் கையை அழுத்துவாள். அம்மாவுக்கு அப்போது 57 வயது. அந்த மூன்று மாதமும் அவள் சரியாகத் தூங்கியிருக்க முடியாது. அதுவரை கயிறு கட்டுவதும் காளிக்கு வேண்டுவதுமாக இருந்தவள் அதற்குப் பிறகு யாரிடமும் “அவ சோம்பேறி இல்ல, அவளுக்கு ஒடம்புல என்னவோ இருக்கு” என்றே சொன்னாள். என்னவோ. எந்த மருத்துவமனையும் தராத சான்றிதழ் அது.

நார்கோலெப்சி என்ற தூக்க நோய்க்கு ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயர் வைத்தது 1880இல். நடந்துகொண்டிருக்கும்போதே தூங்கி விழுபவர்கள், சிரித்தால் முழங்கால் மடிந்து சரிபவர்கள். இருபதாம் நூற்றாண்டிலும் பல பத்தாண்டுகள் இதை மனக்கோளாறு என்று, அடக்கிவைத்த ஆசை என்று விளக்கியவர்கள் இருந்தார்கள். நம்மை விழிப்பில் நிறுத்தும் ஓரெக்சின் என்ற ரசாயனம் மூளையில் இருப்பதே 1998இல்தான் தெரிந்தது. அதைச் சுரக்கும் செல்கள் அந்த நோயாளிகளில் பலருக்கு அழிந்துபோயிருந்தன என்பது அதன்பிறகு. இடையில் 118 வருடம். அத்தனை காலமும் அவர்களுக்கும் எல்லா ரிப்போர்ட்டும் நார்மலாகத்தான் இருந்திருக்கும். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலா, எரிச்சலா என்று பிரிக்கத் தெரியவில்லை. என்னிடம் 118 வருடம் இல்லை. பிள்ளை இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

இப்போது இருக்கும் மருத்துவர் கடலூரிலேயே இருக்கிறார். அறிக்கையைப் பார்த்துவிட்டு, “நார்மல்னா இந்த டெஸ்ட்டுல நார்மல், அவ்ளோதான். அடுத்த வருஷம் திரும்ப எடுப்போம்” என்றார். ஆபீசுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றேன். நோயின் பெயர் என்ற இடத்தில் ‘பகல்நேர மிகுதூக்கம், காரணம் ஆராயப்படுகிறது’ என்ற பொருள்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய்யில்லை, முடிவும் இல்லை. ஹெச்.ஆர். அதை ஏற்றுக்கொண்டது. தினசரி மீட்டிங் ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்கு நகர்ந்தது. என் டீமில் மற்ற ஆறு பேருக்கும் அதில் சந்தோஷம்தான், காரணத்தை யாரும் கேட்கவில்லை.

ஸ்கூட்டரை விற்றுவிட்டோம். சிதம்பரத்துக்கு இப்போது ரயிலில்தான் போகிறேன், மகளோடு. கிள்ளை வந்ததும் என்னை எழுப்புவது அவள் வேலை. “அடுத்தது நம்ம ஊரும்மா” என்று காதில் சொல்வாள், கூடவே கிள்ளியும் வைப்பாள். அத்தை அறிக்கைகள் எதையும் படித்ததில்லை, என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதுமில்லை. மதியம் இரண்டரைக்கு நான் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தும்போது, ஹாலில் சீரியலின் சத்தம் மட்டும் தானாகக் குறைகிறது.